கை தூக்கச் சொன்னவன் நான்தான்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. போனில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் செருப்பைப் பார்ப்பார்கள். என் மாப்பிள்ளையையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

பஸ் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுவது எனக்கு முப்பத்தைந்து வருட வேலை. என் மகளைக் கட்டியவரும் அங்கேதான், ஆனால் காண்ட்ராக்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத்தாளில் கையெழுத்து வாங்கினால்தான் அடுத்த மூன்று மாதம் வேலை.

ஷிப்டைப் பன்னிரண்டு மணி நேரமாக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. வேலைநிறுத்தம் செய்யலாமா என்று முடிவெடுக்கச் சங்கம் கூடியது. எங்கள் சங்கத்தில் ஓட்டு என்றால் கை தூக்குவதுதான். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படி. காண்ட்ராக்ட் பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போடலாமே என்றார்கள். ஒளிந்துகொண்டு ஓட்டுப் போடுகிறவனை நம்பி எவன் வேலையை நிறுத்துவான் என்று நான் சத்தம் போட்டேன். என் வயதுக்காரர்கள் கைதட்டினார்கள். சீட்டுப் பேச்சு அதோடு போயிற்று.

எங்கள் பக்கம் மொத்தக் கையும் எழுந்தது. அவர்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. காண்ட்ராக்ட் பிள்ளைகளில் யாருக்கு அடுத்த தாள் என்று மேலே எழுதிக்கொடுக்கிற போர்மேன், கதவில் சாய்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைப் பார்த்தேன். இவனுக்கெல்லாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளை என் காதோரம் குனிந்து, "மாமா, அடுத்த வாரம் எனக்குக் கையெழுத்து இருக்கு," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னேன்: "என்ன மாப்ள, கை கனக்குதா? என் பொண்ணை வந்து தூக்கி விடச் சொல்லட்டுமா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

ஓட்டுப் போதாமல் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அடுத்த வாரம் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தாள் வந்தது. அவருக்கு வரவில்லை. கை தூக்கிய எங்களை ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் வீட்டுக்குப் போய்ப் போர்மேனைத் திட்டித் தீர்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவனை எதுக்குப்பா திட்டுறீங்க? இவர் வயசுல நீங்க கையைத் தூக்குனீங்க, வேலை நிலைச்சுது. இவர் தூக்குனாரு, வேலை போச்சு. ரெண்டு பேரும் நிக்கிற இடம் வேற. உங்க காலத்தை வச்சு இன்னொருத்தரைக் கோழைன்னு சொல்லாதீங்க."

அவள் சொன்னது சரி. தைரியம் என்று நான் நெஞ்சை நிமிர்த்தியதில் பாதி, நிரந்தர வேலை தந்த தெம்பு. அதை வைத்து இளையவர்களை அளந்தது என் தப்பு.

மாப்பிள்ளை இப்போது வெளியூரில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். மாதம் ஒருமுறை வருகிறார். "சாப்டீங்களா மாமா" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

போன கூட்டத்தில் சீட்டுப் பெட்டி வைக்கச் சொல்லி எழுந்தவனும் நான்தான். என் சீட்டையும் மடித்துப் போட்டேன். எண்ணி முடிக்கும்வரை நிற்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு சங்கம் எப்படி நடக்கும்? அது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.