ஒரு நாள் தள்ளிப்போன ராஜினாமா

யான் பைங்கின் ராஜினாமாக் கடிதம் ஒரு பகலும் ஓர் இரவும் என் கைப்பைக்குள் கிடந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில்.

யான் பைங் என் கணவர். ரங்கூனில் எங்கள் கிடங்குத் துறைக் கால்பந்து அணியின் கேப்டன், நடுத் தடுப்பாட்டக்காரர். நான் அதே துறையில் தபால் பிரிவு எழுத்தர். அப்போதெல்லாம் முதல் டிவிஷன் என்றால் துறைகள்தான். சுங்கம், ரயில்வே, நிதி, ராணுவம், நாங்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் காகிதத்தில் குமாஸ்தாக்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒன்பதரைக்கு மைதானம். அவருடைய மேசையில் பதினோரு வருடங்களாக என் சாப்பாட்டுக் கூடைதான் உட்கார்ந்திருந்தது. போட்டி நாளில் கூட்டம் என்று பார்த்தால், அலுவலக லாரியில் ஏற்றி வரப்பட்ட நாங்களும் மைதானத்துக் காக்கைகளும்தான்.

2009இல் எல்லாம் மாறியது. இனி ஊருக்கு ஒரு கிளப், தனியார் முதலாளிகள், டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு என்றார்கள். புதிய லீக்கில் துறை அணிகளுக்கு இடமில்லை. சித்தௌங் யுனைடெட் என்ற புதிய கிளப்பின் மேலாளர் ஊ ஞான் டின் எங்கள் குடியிருப்பு டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"முப்பத்தொரு வயசுல உன்னை யாருய்யா கூப்பிடுவா? நான் கூப்பிடறேன். ஆனா அரசாங்க வேலையில இருக்கறவனைப் பதிய மாட்டாங்க. உங்க இயக்குநர் கையெழுத்துப் போட்ட ராஜினாமாவோட வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்து சேரு. அஞ்சு அஞ்சுக்கு வந்தேன்னா டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்."

அதே அழைப்பு வந்த எங்கள் கோல்கீப்பர் மௌ சீ செவ்வாய்க்கிழமையே எழுதிக் கொடுத்து, அன்றைக்கே கையெழுத்தும் வாங்கிவிட்டான். என் கணவர் ஒரு நாள் யோசித்தார். பதினோரு வருட வேலை ஆயிற்றே. புதன்கிழமை காலைப் பலகாரமான மொஹிங்காவைப் பாதியில் வைத்துவிட்டு எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"நின் யீ, எனக்குப் பயிற்சி இருக்கு. தபால் உன் வழியாத்தானே போகணும்? இன்னிக்கே இயக்குநர் மேசைக்குப் போயிடணும்."

"போயிடும், கோ யான்."

அவர் படியிறங்கிய பிறகுதான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். கசோன் மாதம். கசோனில் புதனும் வெள்ளியும் பியத்தடா, ஆகாத நாட்கள். கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. பியத்தடா அன்று பெண் பார்க்கப் போக மாட்டோம். வீட்டுக்குக் கால் நட மாட்டோம். புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். அடுத்த நாள் வியாழன், மாதத்திலேயே நல்ல நாள்.

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பந்துக்கு நாள் தெரியுமா?" என்று சிரிப்பார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் முழங்கால் பிசகிய போட்டியும் ஒரு பியத்தடா நாளில்தான். அன்று காலையிலேயே எனக்குத் தெரியும். சிரிப்பாரே என்று வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் அவர் நொண்டி நடந்ததைப் பார்த்தவள் நான்.

வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கிறதே. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, கடிதத்தில் தேதி முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தலைமை எழுத்தர் டௌ ஏ ச்சி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இயக்குநர் ஐயா விடிகாலையிலேயே நேப்பிடோவுக்குக் கிளம்பிட்டாரேம்மா. திங்கட்கிழமைதான் வருவாரு."

"வேற யாராவது கையெழுத்துப் போட முடியாதா, அக்கா?"

"நான் வேணா போடவா? என் கையெழுத்து அவரைவிட அழகா இருக்கும்." சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நேத்து கொண்டுவந்திருக்கக் கூடாதா? நாலு மணி வரைக்கும் பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுச் சும்மாதானே இருந்தாரு." கடிதத்தை வாங்கி அவர் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன்: "நேத்தே கொடுத்துட்டேன். பார்க்காமலே ஊருக்குப் போயிட்டாரு." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பூட்ஸ் பையோடு கிளப் வாசலில் போய் நின்றார். திங்கட்கிழமை கட்டாயம் கொண்டுவருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். ஊ ஞான் டின் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து, அவர் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினாராம். அவருடைய இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆட்டக்காரர் வந்தார்.

"திங்கட்கிழமை போனதும் அந்தக் கடிதத்தையாவது திரும்ப எடுத்துடு, நின்" என்றார் என் கணவர்.

ஒன்பது மணிக்கு ஓடினேன். இயக்குநர் எட்டு மணிக்கே வந்திருந்தார். முதல் கோப்பே அதுதான். 'ஏற்கப்பட்டது' என்று பச்சை மசியில் எழுதி, "ஆடப் போறவனை நாம ஏன் தடுக்கணும்?" என்று பெருந்தன்மையாகவும் சொன்னாராம். கிளப்பும் போயிற்று, வேலையும் போயிற்று. கலைக்கப்பட்ட அணிக்குக் கேப்டன் எதற்கு என்று, வேலையைத் திரும்பக் கேட்டுப் போட்ட மனுவும் நகரவில்லை.

அடுத்த வாரம் நானும் கணவரும் டீக்கடையில் இருந்தபோது மௌ சீ புது ஜெர்சியோடு வந்தான். பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவனைக் கிண்டலடித்தார்கள்.

"டேய், ஜெர்சி உன்னைவிட நல்லா கோல் தடுக்கும் போலிருக்கே!"

மௌ சீ சிரிக்கவில்லை. "அண்ணி புதன்கிழமையே கொடுத்திருக்காங்க. அந்த ஆளு வேணும்னே கையெழுத்துப் போடாம போயிருக்காரு. நான் பத்திரிகைக்காரன்கிட்டச் சொல்லத்தான் போறேன், அண்ணே."

பக்கத்து மேசையிலிருந்து டௌ ஏ ச்சி திரும்பினார். "ஐயா மேல பழி போடாதே தம்பி! கடிதம் வியாழக்கிழமைதான் மேல வந்துச்சு. முத்திரையில தேதி இருக்கு. நின் யீயையே கேளு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எதுக்குச் சண்டை?" என்றார் என் கணவர். டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "நான்தான் தள்ளிப்போட்டேன். புதன்கிழமை பியத்தடா. காலண்டரைப் பார்த்தேன், பயந்துட்டேன். வியாழக்கிழமை கொடுன்னு நின்கிட்ட நான்தான் சொன்னேன்."

கடையே வெடித்துச் சிரித்தது.

"பந்துக்கு நாள் தெரியுமான்னு கேட்ட வாயா இது?"

"கேப்டன், பெனால்டி அடிக்கறதுக்கும் ஜோசியர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா?"

அவரும் கூடவே சிரித்தார். மௌ சீ மட்டும் ஜெர்சியின் நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தூறல் விழுந்தது. நான் குடையை எடுக்கவில்லை.

"கோ யான்... எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை சாயங்காலம். குடை எடுக்கறதுக்கு உன் பையைத் திறந்தேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல? ராத்திரியே இயக்குநர் வீட்டுக்குப் போயிருக்கலாமே!"

நடையை நிறுத்தாமல் சொன்னார்: "என் கால் உடையக் கூடாதுன்னு பார்த்திருக்கே. அது புரிஞ்சுது. ஒரு நாள்தானேன்னு நானும் நினைச்சேன்."

என் பைக்குள் கைவிட்டு அவரே குடையை எடுத்தார். விரித்து என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். அவருடைய வலது தோள் முழுக்க நனைந்துகொண்டே வந்தது.