மூன்றாவது ஆள் இலவசம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஏப்பமும் விட்ட பிறகு, சௌகத் அலி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலங்கைக்குப் போன் போட்டார். வீட்டில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மகள் பாஸிலா எதிர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மனைவி கமர்ஜஹான் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்க அடிக்க பாஸிலாவின் முகம் வாடிக்கொண்டே போனது. அத்தா ஒரு காரியத்தை விசாரிக்க ஆரம்பித்தால் அந்தக் காரியம் உருப்படாது என்பது அவளுக்குத் தெரியும். இப்படித்தான் ஒரு முறை கொடைக்கானலில் மூன்று நாள் தங்கலாம் என்று எல்லோரும் ஆசைப்பட்டபோது, அவர் லாட்ஜ் லாட்ஜாக விசாரித்து முடிப்பதற்குள் சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. வாஷிங் மெஷின் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பாஸிலா ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். மே மாத லீவில், கூட வேலை பார்க்கும் லிடியாவோடு இலங்கையில் அறுகம் குடாவுக்குப் போய் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. முதலில் சர்ஃப் என்றதும் சௌகத் அலி, மகள் சோப்புத்தூள் ஏஜென்சி எடுக்கப் போகிறாள் என்று நினைத்து மனம் குளிர்ந்துவிட்டார். பிறகு அவள் போனில் வீடியோவைக் காட்டினாள். வீட்டளவு அலை, அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு பெண். குழாயில் தண்ணீர் வந்தால் அதைத் தெருவே நின்று கொண்டாடுகிற திண்டுக்கல்லில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஆசை எந்த வழியாக வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் திட்டம் பக்காவாக இருந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு மலிவு டிக்கெட், அங்கிருந்து ராத்திரி பஸ், ரெண்டு பேருக்கும் ஒரே ரூம், எல்லாம் சொந்தச் சம்பளம். திங்கட்கிழமை டிக்கெட் விலை ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் போட வேண்டும், அத்தா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சரி என்றும் சொல்ல அவருக்கு மனமில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. கடல் என்றாலே அவருக்கு ஈரக்குலை நடுங்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அத்தாவைப் பெண்பிள்ளைகள் ஆயுசுக்கும் மறப்பதில்லை. அதனால் அந்த வார்த்தையை விலை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். கேட்டதும் தலை சுற்றுகிற மாதிரி ஒரு விலை வந்துவிட்டால் கதை முடிந்தது.

"ஹலோ, கடல் சகோதரர் சர்ஃப் பள்ளியா?"

"ஓம்," என்றது ஒரு ஆண் குரல்.

சௌகத் அலி கண்ணாடியை ஒரு முறை சரிசெய்துகொண்டார். "நீங்கதான் கத்துக்கொடுக்குற மாஸ்டரா?"

"ஓம், ஓம். நான்தான்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் குனிந்தார். "ரொம்ப பக்தியான ஆளு போல கமரு. வார்த்தைக்கு வார்த்தை ஓம்ங்குறாரு. நாம பாத்துப் பேசணும்." பிறகு குரலைப் பணிவாக்கிக்கொண்டு, "சாமி, ஒரு தகவல் வேணுமே," என்றார்.

"கதைங்க நானா."

இது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் வீட்டில் அம்மாவைப் பெற்றவரை நன்னா என்பார்கள். போன வாரம்தான் தாடிக்குச் சாயம் போட்டிருந்தார். குரலை வைத்தே கிழவனாக்கிவிட்டானே என்று எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலிலேயே நேராக விலைக்குப் போனார். நாலு நாளைக்குத் தங்கல், சாப்பாடு, படிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு அறுபதாயிரம் என்றான் மாஸ்டர். சௌகத் அலிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பார்த்தாயா என்பது போல மகள் பக்கம் திரும்பினார்.

"அத்தா, அது அவங்க ஊரு காசு," என்றாள் பாஸிலா. "நம்ம காசுக்கு அதுல மூணுல ஒரு பங்கு கூட வராது."

அங்கேதான் அவர் சறுக்கினார். தன் கையில் இருக்கும் ஒரு ரூபாய் இன்னோர் ஊரில் மூன்று ரூபாய்க்கு மேல் பெறும் என்பது அவர் வாழ்நாளில் கேட்டறியாத இனிப்பான செய்தி. அது போதாதென்று, எதிரில் விலை சொல்லிவிட்டு ஒருவன் காத்திருக்கிறான். பூட்டு வாங்க வரும் கேரளத்து வியாபாரிகளோடு பேரம் பேசியே தலை நரைத்தவருக்கு, சொன்ன விலையை அப்படியே விட்டுவிட்டுப் போனை வைக்க மனசு கேட்குமா.

"தம்பி, கடல் என்ன நீங்க முதல் போட்டு வாங்குனதா? அலைக்குக் கரண்டு பில்லு கட்டுறீங்களா? எதுக்கு அம்புட்டு?"

மாஸ்டர் சிரித்தான். "பலகைக்கும் படிச்சுத் தாறதுக்கும்தான் நானா."

"பலகை புதுசா, பழசா?"

"கொஞ்சம் பழசு."

"அப்ப ரேட்டு வேற. இன்னொண்ணு சொல்றேன். பிள்ளைங்க பாதி நேரம் விழுந்துக்கிட்டேதான் இருப்பாங்க. விழுகுற நேரத்துக்குக் காசு கிடையாது. நிக்கிற நேரத்துக்கு மட்டும் போடுங்க."

பாஸிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். கமர்ஜஹான் மட்டும் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, பொம்பளைங்களுக்கு யாரு சொல்லித்தருவாங்கன்னு கேளுங்க," என்றாள். நல்ல கேள்வி, இதிலாவது சிக்குவான் என்று சௌகத் அலி கேட்டார். பெண்களுக்கு என் தங்கை படித்துக் கொடுப்பாள் என்றான். என்ன உடுத்திக்கிட்டு இறங்கணும்னு கேளுங்க என்றாள் கமர்ஜஹான். கை கால் மூடி, தலையும் மூடித்தான் எங்கள் பெண்களும் இறங்குகிறார்கள் என்றான். அலை எம்புட்டு உசரம்னு கேளுங்க. பழகுகிறவர்களுக்கு இடுப்பளவு அலைதான். மனைவி தன் கட்சியில் நின்று காரியத்தைக் கெடுக்கப் பாடுபடுகிறாள், பாவம் அவளுக்கு அந்த சாமர்த்தியம் போதவில்லை என்று சௌகத் அலி நினைத்துக்கொண்டார்.

பேரம் நல்ல சூட்டில் இருக்கும்போது மாஸ்டர், "நானா, குறை நினைக்காதீங்க. அசர் தொழுதுட்டு வந்து எடுக்கிறன்," என்றான்.

சௌகத் அலி போனை அருகில் இழுத்துக்கொண்டார். "தம்பி, உங்க பேரு?"

"றிஸ்வி."

"அப்ப அந்த ஓம்?"

"ஓம் எண்டா ஆமா எண்டுதானே நானா. நானா எண்டா எங்கட ஊருல அண்ணன்."

சலாம் சொல்லியே பேச்சை ஆரம்பித்திருந்தால் விலை முதலிலேயே குறைந்திருக்குமோ என்று அவர் மனம் கிடந்து தவித்தது. இருந்தாலும் தாத்தாவாக இருந்தவர் அண்ணனாகிவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். தொழுகைக்குப் பிறகு இருவரும் முறையாக சலாம் சொல்லிக்கொண்டு மறுபடி போனில் உட்கார்ந்தார்கள். விலை இறங்கியது. இன்னும் இறங்கியது. இதற்கு மேல் இறங்க இடமில்லாத இடத்தில் றிஸ்வி ஒரு பெருமூச்சு விட்டு, "விலையில இனி ஏலாது நானா. ஒண்டு செய்றன். மூணு பேரா வந்தா ஒராளுக்குக் காசு வேணாம்," என்றான். போனை வைத்த பிறகுதான் சௌகத் அலிக்கு, தான் கெடுக்க வந்த காரியத்தைத் தானே கட்டி முடித்துவிட்டது உறைத்தது. இத்தனை மலிவான ஒன்றை வேண்டாம் என்று சொல்ல அவராலேயே முடியாது.

சனிக்கிழமை முழுக்க கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. மூன்றாவது ஆள் இலவசம் என்பது காதுக்குள் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. சும்மா வருவதை விடுவது அவரைப் பொறுத்தவரை பாவத்தில் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் மனக்கண்ணில் அவரே பலகை மேல் ஏறிவிட்டார். தாடி காற்றில் பறக்க, கறுப்புக் கண்ணாடியோடு, கரையில் றிஸ்வி கைதட்ட. பக்கத்துக் கடை சார்லஸிடம் சொல்லியும்விட்டார். வரும் வழியில் முட்டிக்குக் கீழே இறங்குகிற மாதிரி ஒரு டவுசரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நானும் வாரேன்," என்றார்.

பாஸிலா சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். டவுசரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செத்த நேரத்தில் லிடியாவின் அம்மா ஆனந்தமேரி போன் செய்தார். ஆம்பளை ஒருத்தர் கூட வருவதென்றால் இன்னொரு ரூம் வேண்டாமா, பிள்ளைகள் போட்ட கணக்கு உதைக்கிறதே, இந்தத் தடவை லிடியா வரவில்லை என்றார். நேற்று வரை சௌகத் அலி எதற்காகத் துடித்தாரோ அது தானாகவே நடந்துவிட்டது. ஆனால் இப்போது அது நடக்கக் கூடாது என்று அவருக்கே இருந்தது. மகளின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன் என்று ஆனந்தமேரியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதை அந்த மாஸ்டர் வாயால் சொல்லட்டும், பார்க்கலாம் என்று அந்தம்மா போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி போன், மறுபடி ஸ்பீக்கர். வராந்தாவில் தாராளமாகப் படுக்கலாம் என்று றிஸ்வி சொல்லிவிட்டான். பாஸிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நானாக்கு நீந்தத் தெரியும்தானே?" என்று கேட்டான் றிஸ்வி.

"ஓம்," என்றார் சௌகத் அலி. அவரை அறியாமல் வந்துவிட்டது.

"எங்க பழகினீங்க? ஆத்துலயா, கடல்லயா?"

மனைவியும் மகளும் அவரையே பார்த்தார்கள். பொய்யைத் தொடர அவருக்கு ஓர் ஆறு வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஓடுகிற ஆறு எதுவும் சமயத்துக்கு நினைவில் வரவில்லை. "தம்பி, இடுப்பளவு தண்ணியில நல்லா நிப்பேன்," என்றார்.

"அது நீச்சல் இல்ல நானா, அது குளிப்பு," என்றான் றிஸ்வி வருத்தத்தோடு. "நீந்தத் தெரியாத ஆள பலகையில ஏத்தேலாது. மையத்தாப் பெட்டியில வச்சுத் திருப்பி அனுப்ப எனக்கு ஏலாது."

சௌகத் அலிக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "சரி, அப்ப அந்த மூணாவது ஆளு காச இவங்க ரெண்டு பேருக்கும் கழிச்சிருங்க."

"அது சரிவராது. ஆள் வந்தா இலவசம். வராட்டி ஒண்டும் இல்ல."

இத்தனை பாடுபட்டு வாங்கிய ஒன்று கண்ணெதிரே வீணாகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சார்லஸை அனுப்ப முடியுமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

"நான் போறேன்," என்றாள் கமர்ஜஹான்.

அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. "நீ எங்க?"

"அந்த மூணாவது ஆளா. எனக்கு நீச்சல் தெரியும்."

"உனக்கா?"

"சாணார்பட்டியில எங்க தோட்டத்துக் கிணத்துல. மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்பேன். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க." முறத்தில் இருந்த பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். "மக்காவுக்கு உம்ரா போன பாஸ்போர்ட்டும் இருக்கு."

"இம்புட்டு வருசத்துல நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்றதுக்குத் திண்டுக்கல்லுல தண்ணி எங்கங்க இருந்துச்சு?"

பாஸிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சௌகத் அலிக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஒரே கூரையின் கீழ் நீச்சல் தெரிந்த ஒருத்தியை வைத்துக்கொண்டுதான், ரெண்டு நாளாகக் கடல் எத்தனை ஆழம் என்று அவளுக்கே பாடம் நடத்தியிருக்கிறார். அவள் கேட்கச் சொன்ன ஒவ்வொரு கேள்வியும் இப்போது வரிசையாக வந்து முன்னால் நின்றது. எல்லாம் அவளுக்காக அவளே கேட்டவை. அவர் வெறும் வாயாக இருந்திருக்கிறார்.

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "நானா, இருக்கிறீங்களா?"

"இருக்கேன் தம்பி," என்றார். "மூணாவது ஆளு என் சம்சாரம். அவளுக்குக் கிணத்து நீச்சல் தெரியும்."

"மாஷா அல்லாஹ். அப்ப தாத்தாவ அனுப்பி வையுங்க."

"தாத்தாவா?"

"தாத்தா எண்டா அக்கா, நானா."

அம்மா கூட வருகிறார் என்றதும் ஆனந்தமேரி மறுபேச்சுப் பேசவில்லை. மதியத்துக்குள் பாஸிலா மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். நாலு நாளும் தான் என்ன சாப்பிடுவது என்று சௌகத் அலி பொதுவாகக் கேட்டுவைத்தார். ஃபிரிட்ஜுல மாவு இருக்கும், ஊத்திக்கங்க என்று பதில் வந்தது.

சாயங்காலம் றிஸ்வியின் தங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, ஒரே தாவில் எழுந்து நிற்க வேண்டும். வருமுன் வீட்டிலேயே நூறு தடவை பழகச் சொல்லியிருந்தாள். தரையில் பழகினால் ஆட்டம் இருக்காது என்று பாஸிலா, கால் ஒன்று குட்டையான பழைய கட்டிலைக் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டாள். கமர்ஜஹான் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் குப்புறப் படுத்தாள்.

"அத்தா, நீங்க இப்படி வாங்க," என்றாள் பாஸிலா. "கட்டில் காலப் பிடிச்சு ஆட்டுங்க. நீங்கதான் அலை."

சௌகத் அலி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். விழுந்து வைத்தாளானால் என்ன செய்வது என்ற பயத்தில் தொட்டிலை ஆட்டுவது போல ஆட்டினார்.

"பலமா ஆட்டுங்க," என்றாள் கமர்ஜஹான், முகத்தைத் தூக்காமல்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். கட்டில் கடகடவென்று தரையை உதைத்தது. மேலே இரண்டு கைகள் ஊன்றின, ஒரு மூச்சு இழுபட்டது, அடுத்த நொடியில் இரண்டு பாதங்கள் அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. வெடித்த குதிகால்கள், அகன்று கட்டில் பலகையைக் கவ்விப் பிடித்த விரல்கள். அவர் ஆட்டுவதை நிறுத்தாமல் அண்ணாந்து பார்த்தார். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, அவள் ஆடிக்கொண்டே நின்றாள். கீழே பார்க்கவே இல்லை. கண் அவர் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரையும் தாண்டி எங்கோ, வந்துகொண்டிருக்கும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.