நான்காவது ஆள்

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. பத்திரிகையை யாரும் சந்திரலேகாவுக்குக் கொடுக்கவில்லை. சிநேகிதி ஒருத்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தே மனப்பாடமாகிவிட்டது. தியாகதுருகத்தில் அருளுக்குக் கல்யாணம். மூன்று வருஷம் அவளோடு பழகியவன், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தை மாதம் ஒரே போன் பேச்சில் முடித்துக்கொண்டான்.

கல்வராயன் மலை மேல் சுகாதார நிலையத்தில் அவள் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பின்னால் ஓர் அறையில் நர்ஸ் நிர்மலாவோடு தங்கியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு இருபதுக்கே குளித்துவிட்டு, பாயை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னாடி, கரெக்டா தாலி கட்ற நேரம் பாத்து ஒக்கார்ற?” என்றாள் நிர்மலா, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே.

“தியானம்டி. அவனும் நல்லாருக்கட்டும்னு நெனைக்கப் போறேன்.”

“அதத்தான் தெனம் நெனைச்சிக்கினு இருக்கியே.”

சித்திரையில் சின்னசேலம் பக்கம் ஒரு முகாமில் புத்த பிக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தது. முதலில் தனக்கு நலம் நினைக்க வேண்டும். பிறகு பிரியமான ஒருவருக்கு. பிறகு பிடித்தம், பிடிக்காமை இரண்டும் இல்லாத ஒருவருக்கு. கடைசியாக, மனசை நோகடித்தவருக்கு. நான்கு மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. நெஞ்சுக்குழியில் கனம் மட்டும் குறையவில்லை. இன்று இறங்காவிட்டால் எப்போதுமே இறங்காது என்று பயந்தாள்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத,” என்றாள் நிர்மலா. “நீ கண்ண மூடி ஒக்காந்தா, மொதல்ல ஒம் மூஞ்சி கல்லாட்டம் இருக்கு. அப்பறம் சினிமா பாக்குற மாதிரி ஆயிடுது. சினிமாதான் ஜாஸ்தி நேரம் ஓடுது.”

“போடி.”

நிர்மலா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் நலமாக இருக்கட்டும். அம்மா நலமாக இருக்கட்டும். கச்சிராயபாளையம் பஸ் கண்டக்டர் நலமாக இருக்கட்டும். மூன்றே மூச்சில் மூவரையும் கடந்து அருளிடம் வந்துவிட்டாள். பட்டு வேட்டி கட்டியிருப்பான். சிரித்தால் ஒரு பக்கம் இறங்கும் உதடு. மனசு அங்கேயே நின்றது. தன் உதடு தானாக விரிவதை உணர்ந்தபோதுதான் திடுக்கிட்டாள்.

சினிமா.

மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணும்போது எல்லாக் கட்டங்களையும் சமமாகப் பார்க்க வேண்டும். ஒரே கட்டத்தில் கண்ணை வைத்திருந்தால் ரிப்போர்ட் பொய். ஆய்வகத்தில் ஒரு நாளும் அவள் அப்படிச் செய்ததில்லை. இங்கே நான்கு மாதம் செய்திருக்கிறாள். அவனை விடுவதற்கென்று உட்கார்ந்து, தினமும் அவனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

மணி எட்டு ஆகியிருக்கும். தாலி கட்டியிருப்பான்.

அவள் எழுந்துவிடவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். நான் நலமாக இருக்கட்டும். யாருக்குச் சொல்கிறோம் என்று தேடினாள். அருளின் கழுத்து மச்சம்கூடத் தவறாமல் வருகிறது. தன் முகம் வரவில்லை. மறுபடி சொன்னாள். தையிலிருந்து வராத அழுகை வந்தது. துடைக்காமல், மூச்சைப் பார்த்தபடி, அந்த ஒரே வாக்கியத்திலேயே இருந்தாள். கனம் அங்கேயேதான் இருந்தது. அதை இப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

குடத்தை இறக்கிய நிர்மலா கதவோரம் நின்றுவிட்டாள்.

“முடிஞ்சுதா லேகா?”

“இல்லடி. இன்னும் மொத ஆளுகிட்டயேதான் ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

“சரி, இரு,” என்று சொல்லி, நிர்மலா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.