தாவிய பெயர்

குகதாசன் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை பல தடவை வாசித்து முடித்தவர். அதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படவும் மாட்டார். ஆனால் இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வம்ச வரலாறு வரும் இடங்களில் மட்டும் ஒரே தாவலாகத் தாவிவிடுவார். "செத்த ஆக்களின்ரை பேரை வாசிச்சு என்ன கண்டது?" என்பார். சபையில் எல்லோருக்கும் இது பகிடி. மகேந்திரனுக்கு மிக நன்றாகத் தெரிந்த பகிடி.

வின்டர்தூரில் அந்தத் தமிழ்ச் சபையை இருவருமாகத்தான் தொடக்கினார்கள். பிரசங்கம் குகதாசன், பாட்டும் கீபோர்ட்டும் மகேந்திரன். சுவிஸ்காரரின் தேவாலயத்துக் கீழ்மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, கதிரை அடுக்கி, கூட்டித் துடைத்து வளர்த்த சபை. மகேந்திரன் அவருக்குக் கூடப்பிறக்காத தம்பி. அதனால்தான், கலியாணமாகிக் கனகாலம் கழித்து 2014இல் மகன் பிறந்தபோது, பெயர் வைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்.

"பேலேகு, அண்ணை," என்றான் மகேந்திரன். "ஆபிரகாமின்ரை மூதாதை ஒருத்தர். நீரோடை எண்டு அர்த்தம். சுவிஸ்காரரின்ரை வாயிலையும் சுகமா வரும்."

குகதாசனுக்கு வாயெல்லாம் பல். அன்றே வீட்டுக்குப் போய் மனைவி சிவகலாவிடம் சொன்னார். அந்த வாரமே பெயரைப் பதிந்தும் விட்டார். பிள்ளையைச் சபையில் ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்த நாளில் மகேந்திரன் பிள்ளையைக் கையில் தூக்கிப் பெயரை உரக்கச் சொன்னபோது, முன்வரிசையில் சிவகலா கண்ணைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார் மனுஷன்.

அடுத்த ஞாயிறு மண்டபம் பாதி காலி. கீபோர்ட் இல்லை, மைக் இல்லை, மகேந்திரனும் இல்லை. அவன் சூரிச்சில் புதுச் சபை தொடங்கிவிட்டான் என்று, வந்திருந்த ஒருவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

குகதாசன் அன்று பிரசங்கம் செய்யவில்லை. ஒரு நாளும் நின்று வாசிக்காத அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடித்தார். ஏபேர் என்பவன் தன் மகனுக்குப் பேலேகு என்று பெயர் வைத்திருந்தான். காரணமும் இருந்தது: அந்த மகனின் காலத்தில்தான் பூமி பிரிந்ததாம். நீரோடையாவது மண்ணாவது! பெற்ற பிள்ளையின் நெற்றியில் பிரிவு என்று எழுதிவிட்டல்லவா போயிருக்கிறான் மகேந்திரன், படுபாவி.

மாலையில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நீரோடை எண்டும் அர்த்தம் இருக்கு அண்ணை," என்றான் மகேந்திரன். "நான் பொய் சொல்லேல்லை."

"உனக்கு என்ரை பிள்ளைதானோ கிடைச்சவன்?"

மகேந்திரன் கதவைப் பிடித்தபடி நின்றான். "பிரிஞ்சு போறன் எண்டு உங்களுக்கு முன்னாலை நிண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆரையாவது கதைக்க விட்டனீங்களோ? அதுதான் பேரிலை சொன்னன். வாசிப்பியள், என்னட்டைக் கேப்பியள், அப்ப கதைப்பம் எண்டு இருந்தன். நீங்கள் வாசிக்கேல்லை. சிவகலா அக்கா பேர் கேட்ட அண்டு இரவே வாசிச்சிட்டா."

அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் குகதாசனுடைய காதில் ஏறவில்லை.

வீட்டில் சிவகலா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் சபையைக் கூட்டி அவரை மானங்கெடுத்திருப்பியள்." பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "வாற ஞாயிறு நானும் சூரிச்சுக்குத்தான் போறன். இவனையும் கொண்டு போறன்."

"என்னை விட்டிட்டோ?"

"உங்களை இல்லை. உங்கடை பிரசங்கத்தைத்தான் விடுறன்."

அந்த வித்தியாசம் அவருக்கு விளங்கவில்லை. மகேந்திரன் செய்ததைக்கூட என்றோ ஒருநாள் தாங்கியிருப்பார். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இவள் வாய் திறக்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிறு வந்தது. மிச்சமிருந்த சனத்தின் முன்னால் குகதாசன் வம்ச வரலாற்றைத் திறந்தார். பிடிவாதமோ, தனக்குத்தானே கொடுத்த தண்டனையோ, ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். சேம், அர்பக்சாத், சாலா, ஏபேர். சனம் ஒருவரையொருவர் பார்த்தது. அவர் இப்படி வாசித்து அவர்கள் கேட்டதே இல்லை.

ஏபேருக்குப் பிறந்தவனின் பெயருக்கு வந்ததும் நிமிர்ந்தார். முன்வரிசைக்குப் பக்கத்தில், பிள்ளையின் வண்டில் வழக்கமாக நிற்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

குகதாசன் குனிந்தார். அந்த ஒரு பெயரைத் தாவி, அடுத்த பெயரிலிருந்து வாசித்தார்.