கோழிகளுக்கு ஒரு ரிமோட்

அங்கமுத்துவின் கோழிகளுக்குச் சத்தம் ஆகாது. குற்றம் கோழிகள் மேல் இல்லை. மல்லசமுத்திரத்துக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணையில் அவன் வாய் திறப்பதே அபூர்வம். தீவனம் போட்டுவிட்டுக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் யோசனையிலேயே பொழுது போய்விடும். அந்த மௌனத்தில் வளர்ந்த கோழிகள் யாராவது திடீரென்று தும்மினால்கூட ஷெட்டே அதிரச் சிறகடிக்கும். மறுநாள் ஓடில்லாத முட்டைகளாக இட்டு வைக்கும்.

இன்றைக்கு ஊரில் கோயில் நோம்பி, திருவிழா. இருட்டினால் வேட்டுப் போடுவார்கள். விடாமல் ஓடும் பாட்டில் வேட்டுச் சத்தத்தை அமுக்கிவிடலாம் என்று அவன் மனைவி ஜோதி வீட்டு ஹோம் தியேட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். அதன் பொத்தான்கள் செத்துப் பல காலம் ஆகிறது. ரிமோட்டோ காலையில் கூண்டுக்கடியில் எருவுக்குள் விழுந்து, கழுவியும் பிழைக்கவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து எல்லாக் கம்பெனிக்கும் சேரும் புது ரிமோட் ஒன்று வாங்கி வந்தான் அங்கமுத்து.

பவர் பொத்தானை அமுக்கியபடியே நிற்க வேண்டும். ரிமோட் ஒவ்வொரு கம்பெனியின் எண்ணாக முயன்று பார்க்கும். பெட்டியில் விளக்கு எரிந்ததும் சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடும். அவ்வளவுதான்.

அவன் அமுக்கிக்கொண்டு நின்றான். முன்பின் தெரியாத வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் இந்த ரிமோட்டுக்குக் கூச்சமாக இருக்காதா என்று யோசித்தான். பெட்டி எரிந்தது. அடடா, எரிகிறதே என்று நினைத்தான். அடுத்த எண்ணும் அதற்குப் பொருந்தும் போல, அணைந்துவிட்டது.

“கையை எடுக்கறதுக்கு என்னங்க?”

“எடுக்கலாம்னுதான் நெனச்சேன்.”

“நீங்க நெனச்சு முடிக்கறதுக்குள்ள அது ஈரோடு போயிருச்சுங்க!”

மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி நினைத்தான். மறுபடி அணைந்தது.

அப்போது முதல் வேட்டு வெடித்தது. ஷெட்டே இறகாய்ப் பறந்தது. ஜோதி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“கொண்டாங்க இப்படி! நான் தேடற வரைக்கும் நீங்க சத்தமாப் பேசுங்க.”

“என்னத்தப் பேசறது?”

“எதையாச்சும் பேசுங்க! உள்ளுக்குள்ள சேத்து வெச்சிருக்கறீங்கல்ல!”

அங்கமுத்து தொண்டையைச் செருமினான். கையில் ரிமோட்டோடு வந்த தாள்தான் இருந்தது. “பேட்டரியைச் சரியான திசையில் போடவும்!” என்று முழங்கினான். கோழிகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. “குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்!” தாள் தீர்ந்துபோயிற்று. இன்னொரு வேட்டு வெடித்தது.

“கோழிக்குப் புருவம் இல்ல!” என்று கத்தினான். “அதனாலதான் எதைப் பாத்தாலும் ஆச்சரியப்படற மாதிரியே தெரியுது!”

“அப்படித்தானுங்க, நிறுத்தாதீங்க!”

“உன் தம்பி கலியாணத்துல என்னைய எந்தப் பந்தியில உக்கார வெச்சாங்க? கடைசிப் பந்தியில!”

“ஏனுங்க, அது ஏழு வருசம் ஆச்சுல்லீங்க?”

“பருப்புக்கு நெய் ஊத்தல! ரசம் கேட்டா, பரிமாற வந்த அந்தக் குருமூர்த்தி காதுல வாங்காத மாதிரியே வாளியைத் தூக்கிட்டுப் போறான்!”

வேட்டுகள் வரிசையாக வெடித்தன. அவற்றுக்கு மேல் அவன் குரல் ஏறியது. ஒரு கோழிகூடச் சிறகை அசைக்கவில்லை.

திடீரென்று பெட்டி எரிந்தது. ஜோதி அந்த நொடியே விரலை எடுத்தாள். நாதஸ்வரம் ஷெட்டை நிறைத்தது.

“ஆச்சுங்க! இனி நீங்க பேச வேண்டாம்.”

அங்கமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அதை மொதல்ல அமத்து. நான் இன்னும் தயிர்சாதத்துக்கே வரல.”

ஜோதி ஒரே அமுக்கில் அணைத்தாள். கோழிகள் அவன் பக்கம் திரும்பின.