நாடாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது

என் மருமகள் மோகனப்பிரியா கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. ஆத்தூரில் சத்தமில்லாத வீட்டில் வளர்ந்தவள். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே ஆறு விசைத்தறி ஓடுகிறது. விடிந்ததும் ஆரம்பிக்கிற கடகடச் சத்தம் இருட்டின பிறகுதான் அடங்கும். வந்த புதிதில் தலைவலியோடு சுற்றினாள். அதைக்கூட அவள் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். அப்படிப்பட்டவள் ஆவணிக் கடைசியில் ஒருநாள் என் எதிரில் வந்து நின்று, "அத்தை, எங்கப்பா வீட்டு நாய் குட்டி போட்டிருக்குது. ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

எனக்கு நாய் பிடிக்காது. அதிலும் தறி வீட்டில் நாயா என்று கோபம்தான் வந்தது. நூல் மூட்டை, தறியில் ஏற்றுகிற பாவு, மடித்து வைத்த துண்டு என்று எங்கே திரும்பினாலும் நனையக் கூடாத சரக்கு. ஆனால் முதல் தடவையாக ஒன்று கேட்கிறாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"ஆயுத பூசைக்குள்ள அது ஊட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாமப் பழகிக்கோணும். பழகலீன்னா கந்தப்பங்கிட்டக் குடுத்துருவேன். அப்பறம் அழுவக் கூடாது" என்றேன்.

கந்தப்பன் என் சித்தி மகன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். பண்ணை கேட்டுக்குப் பக்கத்தில் மூன்றடிச் சங்கிலியில் நாய் கட்டியிருப்பான். வெயிலோ மழையோ, சாகிறவரை அந்த மூன்றடிதான் அதற்கு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பிரியாவும் அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"சரிங்கத்தை" என்றாள் இப்போது.

குட்டி வருவதற்கு நான்கு நாள் முன்பே வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள். முதல் வேலையாக வீடு முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்தாள். என்ன கூத்து இது என்று கேட்டால், "குட்டி உசரத்துல இருந்து பாத்தாத்தான் அத்தை தெரியும்" என்கிறாள். அப்படித் தவழ்ந்தே கட்டிலுக்கடியில் இருந்து கை கையாக நூல் கழிவை அள்ளி எடுத்தாள். விழுங்கினால் குடலில் சிக்கிக் குட்டி செத்துப்போகுமாம். முப்பது வருஷமாக நான் பெருக்குகிற வீடு. எனக்கு வெட்கமாகிவிட்டது. மிக்ஸி ஒயரை மேலே கட்டினாள், எலி மருந்தைப் பரணுக்கு ஏற்றினாள், தறிப் பட்டறைக்குப் போகிற வாசலுக்கு முழங்கால் உயரத்தில் எடுத்துச் சாத்துகிற மாதிரி ஒரு பலகை வைக்கச் சொன்னாள். மரப்பெட்டியில் சாக்கைப் போட்டுப் படுக்கை ஆயிற்று. கெட்டிக்காரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

குட்டி பஸ்ஸில் ஒயர் கூடைக்குள் உட்கார்ந்து வந்தது. செவலை நிறம், ஒரு காது நின்றது, ஒன்று மடிந்தது. இறக்கிவிட்டதும் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடியதைப் பார்த்து என் மகன் அன்பழகன், "நாடா மாதிரியே ஓடுது" என்றான். தறியில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பாய்கிற நாடாதான். அதுவே பெயராகிவிட்டது.

பகலில் வெளியே கூட்டிப்போகலாம், மற்ற நேரத்துக்கு மூலையில் பழைய பேப்பர் விரிக்க வேண்டும் என்றாள் பிரியா. எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. "பேப்பருக்கு எங்க போறது? தறி ஊட்டுல துணிக்கா பஞ்சம்?" என்று கரை சரியில்லாத கழிவுத் துண்டு ஒரு கட்டைக் கொண்டுவந்து நானே மூலையில் விரித்தேன். பிரியா கொஞ்சம் தயங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

ஐந்தே நாளில் நாடா பழகிவிட்டது. எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து துண்டின் மேல் குந்தி, முடித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்க்கும். பிரியா அவித்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுப்பாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நான்தான் பெருமை அடித்தேன். "அந்தப் புள்ள பேப்பர்ங்குது. நாந்தான் துணி போடச் சொன்னேன். அஞ்சு நாள்ல பழகிக்கிச்சு பாருங்க" என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

அடுத்த வாரமே கொடியிலிருந்து விழுந்த என் உள்பாவாடையை நனைத்தது. மறுநாள் கால்மிதி. சின்னக் குட்டிதானே என்று பொறுத்தேன். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அன்பழகன் பலகையைச் சாத்தாமல் போய்விட்டான். ஈரோட்டுச் சந்தைக்கு மடித்து அடுக்கியிருந்த புதுத் துண்டுகளின் மேலேயே குட்டி ஏறி உட்கார்ந்து ஒன்றுக்கு இருந்துவிட்டது. மேல் அடுக்கு நனைந்து கீழ் அடுக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. அத்தனையும் செய்துவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரியா எதிரிலேயே கந்தப்பனுக்குப் போன் போட்டேன்.

"பூசைக்கு எப்படியும் வாரேனுங்கக்கா. அப்படியே புடிச்சுக்கிட்டுப் போயிடறேன். சங்கிலி எங்கிட்டயே இருக்குது" என்றான்.

பிரியா துண்டுகளைத் துவைத்துப் போட்டாள். குட்டியை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் முழுக்க அதன் பின்னாலேயே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம், "அத்தை, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். தரையில் வரிசையாக ஒரு சாக்கு, ஒரு பிளாஸ்டிக் தாள், பக்கத்து வீட்டில் வாங்கிவந்த பேப்பர், கடைசியில் எங்கள் கழிவுத் துண்டு.

தூங்கி எழுந்த நாடாவைக் கீழே விட்டாள். அது சாக்கை முகர்ந்தது, தாண்டியது. தாளைத் தாண்டியது. பேப்பரை மிதித்துக்கொண்டே போனது. துண்டுக்கு வந்ததும் ஒரு சுற்று சுற்றிக் குந்தியது. முடித்துவிட்டு முட்டைக்காக எங்களைப் பார்த்தது.

"இது தப்பே பண்ணலை அத்தை. நாம சொல்லிக் குடுத்ததத்தான் செய்யுது. தறித்துணின்னாலே அதுக்குத்தான்னு நெனச்சிட்டிருக்குது" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரில் வேறு எந்த வீட்டிலும் இந்தப் பாடத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுத்தது நான். அது ஒரு எழுத்துப் பிசகாமல் படித்திருக்கிறது, படித்ததற்குச் சங்கிலி. இவள் 'நாம' என்கிறாள். நீங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை என்பது அவன் அன்றைக்கும் குட்டியைத் திட்டியதிலிருந்தே தெரிந்தது. சொல்லவேண்டியவள் நான். என் வாயும் திறக்கவில்லை. தெரு முழுக்கப் பெருமை அடித்த வாய் அது.

அன்றிலிருந்து வீட்டில் தரையில் ஒரு துணி கிடையாது. கால்மிதிகூட மேலே ஏறிவிட்டது. நனைந்த இடத்தையெல்லாம் வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தேய்த்தாள். வாசனை இருந்தால் மறுபடி அங்கேயே போகுமாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடிக் களைத்ததும் தூக்கிக்கொண்டு பின்பக்க முருங்கை மரத்தடிக்கு ஓடினாள். மண்ணில் ஒன்றுக்கு இருந்தால்தான் முட்டை. பதினோரு மணி டீக்குத் தறி நின்றால் ஓடினாள், கரண்ட் போய்த் தறி நின்றால் ஓடினாள். மூன்றாம் நாள் நான் பார்க்கிறேன், தறிச் சத்தம் அடங்கியதும் நாடா தானாகவே பின்கதவுக்குப் போய் நிற்கிறது. தலைவலி தந்த சத்தம் நிற்பதையே இவள் மணியாக வைத்துக்கொண்டாளே என்று அசந்துபோனேன். அவள் சமைக்கும்போது நானும் இரண்டொரு தடவை தூக்கிக்கொண்டு போனேன். அதன் வயிறு வெதுவெதுப்பாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, ஆறு தறிக்கும் சந்தனம் வைத்து மாலை போட்டோம். கந்தப்பன் முட்டை அட்டையோடு வந்தான், தோளில் சங்கிலி. அவன் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் தறியிலிருந்து புதிதாக அறுத்த துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, அதன் மேல்தான் தறி நாடா, கத்தரி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வைத்துப் பொரி கடலையோடு கும்பிடுவோம். கெடு வைத்தபோது இது என் ஞாபகத்தில் இல்லை. துண்டு விரித்தாகிவிட்டது. பலகையும் எடுத்தாகிவிட்டது.

குட்டி உள்ளே வந்தது. நேராகத் துண்டுக்குப் போனது. அன்பழகன் பிடிக்க எழுந்தான். பிரியா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நாடா துண்டின் ஓரத்தை முகர்ந்தது. ஒரு பொரியை நக்கியது. பாதிச் சுற்றுச் சுற்றியது. பிறகு துண்டை விட்டுவிட்டுக் குடுகுடுவென்று பின்கதவுக்கு ஓடி, கதவைப் பிராண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து போய்த் திறந்தேன். நேராக முருங்கை மரத்தடி.

"நல்லாத்தானே பழகியிருக்குது. அப்பறம் எப்படி அன்னைக்குத் துண்டு மேல போச்சு?" என்றான் கந்தப்பன்.

"அது நான் பழக்குன தப்புங்க சித்தப்பா. மொதல்ல துணியில பழக்கிட்டேன்" என்றாள் பிரியா.

"பொய் சொல்றா கந்தப்பா. துணியப் போட்டது நானு. அந்தப் புள்ள பேப்பர்னுதான் சொல்லுச்சு. சொன்னாக் கௌரவக் கொறச்சல்னு இத்தன நாளா வாய மூடிக்கிட்டிருந்தேன். நீ சங்கிலிய எடுத்துட்டுப் போ சாமி, அது எங்கியும் வராது" என்றேன்.

அன்பழகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிரியா தலையைக் குனிந்துகொண்டு பொரியில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

நாடா திரும்பி வந்தது. அவள் மடிக்குப் போகும் என்று பார்த்தால், என் பக்கத்தில் வந்து புடவைத் தலைப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. புடவையும் தறித்துணிதானே என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அது சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.