கொடுத்த வாக்கு

வில்மா தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு குனிந்தபோது காவலர் கையை நீட்டித் தடுத்தார். போர்த்தலாம், ஆனால் உடலை நகர்த்தக் கூடாது என்றார். ஜட்ஜ் வந்து பார்க்க வேண்டுமாம்.

அவள் கணவர் எல்ராய் மாரெக் தன் பண்ணையின் வேலியோரம் ஈரப் புல்லில் ஒருக்களித்துக் கிடந்தார். சம்மட்டி காலடியில் கிடந்தது. பாதி இறங்கிய கம்பத்தில் அவரே பெயிண்ட் அடித்த பலகை சாய்ந்து நின்றது: 'என் மகன் சாவில் பொய் எழுதிய லோனி கட்டருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.' டெக்சஸின் வடக்குக் காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காலையில் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியவர். போன வாரம் அடித்த பலகையை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே போனார்.

வீட்டிலோ வெளியிலோ, டாக்டர் பக்கத்தில் இல்லாமல் ஒருவர் செத்தால் வட்டார நீதிபதிதான் வந்து பார்த்துக் காரணத்தை எழுத வேண்டும். அந்தப் பதவியில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவன் லோனி கட்டர். வேகமாக வண்டி ஓட்டியவனுக்கு அபராதம் போடுவது, கல்யாணம் செய்து வைப்பது, வாடகைத் தகராறு தீர்ப்பது, செத்தவரைப் பார்ப்பது எல்லாம் அவன்தான். வருகிற செவ்வாய்க்கிழமைத் தேர்தலில் மறுபடியும் நிற்கிறான்.

"அந்த ஆளு எங்கப்பாவத் தொடக் கூடாது" என்றாள் மகள் ஜேனல். "வேற ஜட்ஜக் கூப்பிடுங்க."

கூப்பிட்டுப் பார்த்ததாகக் காவலர் சொன்னார். அடுத்த ஜட்ஜ் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறார், வந்துசேர இருட்டிவிடும். ஜேனல் அம்மாவைப் பார்த்தாள். வில்மா கணவனின் காதுக்குள் புகுந்திருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவரைக்கும் இவரு இங்க கெடக்க வேணாம்" என்றாள். "அவனே வரட்டும்."

லோனி வந்த வண்டியின் கதவில் அவன் பெயரும், 'மீண்டும் தேர்ந்தெடுப்பீர்' என்ற வாசகமும் ஒட்டியிருந்தன. இறங்கியவன் முதலில் பலகையைத்தான் படித்தான். சாலையில் போன வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. இரண்டு வண்டிகள் ஓரம் கட்டி நின்றேவிட்டன.

லோனி தொப்பியைக் கழற்றினான். இவனும் எல்ராயும் முன்பு சனிக்கிழமைதோறும் பீர்க்கடைப் பின்கட்டில் டோமினோ ஆடியவர்கள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. எல்ராயின் மகன் கர்ட் கொட்டகையில் குண்டடிபட்டுச் செத்த நாளோடு அது முடிந்தது. துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்றார் எல்ராய். தற்கொலை என்று லோனி எழுதினான். அன்றிலிருந்து எல்ராய்க்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. மாதா கோவில் விருந்தில் எல்லோர் முன்னாலும் லோனியின் முகத்தில் பீரை ஊற்றினார். லோனி மனைவியின் கடையில் யாரும் கேக் வாங்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கடைசியில் அவர்கள் கடையை மூடினார்கள்.

லோனி மண்டியிட்டுக் கழுத்தைத் தொட்டான், கண் இமையைத் தூக்கிப் பார்த்தான். நெஞ்சு வலி இருந்ததா என்று கேட்டான்.

"இருந்துச்சு" என்றாள் வில்மா.

டாக்டரிடம் காட்டினாரா?

"இதயத்துக்கு மாத்திரை குடுத்தாங்க. உன்ன ஜெயிலுக்கு அனுப்பிட்டுப் போடறேன்னாரு."

லோனி எழுந்து முழங்காலைத் தட்டினான். அறுத்துப் பார்க்க நகரத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, டாக்டரிடம் பேசிவிட்டு மாரடைப்பு என்று எழுதுகிறேன் என்றான். அதற்குள் ஜேனல் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள்.

"நல்லா சத்தமா சொல்லுங்க ஜட்ஜ். ஊரே பாக்கட்டும். எந்தம்பி சாவுல பொய் எழுதினேன்னு சொல்லுங்க. எங்கப்பா கேக்கறதுக்குத்தான் இல்ல, நானாவது கேக்கறேன்."

ஓரம் கட்டிய வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி நின்றிருந்தார்கள். லோனி போனைப் பார்த்தான். வில்மாவின் பக்கம் அவன் கண் திரும்பவில்லை.

"அன்னைக்கு எழுதினத மாத்தறதுக்கு இல்ல" என்றான்.

"யாரு சொல்லி எழுதினீங்க? யாரு பாத்தா?"

அவன் தன் வண்டிக்கு நடந்தான். "பாத்தீங்களா" என்று போனுக்குள் சொன்னாள் ஜேனல். உடனே அதை ஊருக்கெல்லாம் அனுப்பவும் செய்தாள்.

யார் சொல்லி எழுதினான் என்பது வில்மாவுக்குத் தெரியும். அன்று கர்ட் சமையலறைக்கு வந்து அவளைக் கட்டிப்பிடித்து, இனி முடியாதும்மா, மன்னிச்சிடு என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனான். காதல் தோல்வி ஏதோ, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவள் பிசைந்த மாவை விடாமல் நின்றாள். லோனி கேட்டபோது அப்படியே சொன்னாள். எல்ராய்க்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உடலை ஏற்றிய வண்டி போனதும் கையெழுத்துக்காக லோனியின் வண்டிக்கு அவள் போக வேண்டியிருந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

"உனக்கு நன்றி சொல்லுவேன்னு நினைக்காத" என்றாள்.

"நினைக்கல."

"உன்னப் பாத்தாலே எனக்கு ஆகல, லோனி. அன்னைக்கும் ஆகல, இன்னைக்கும் ஆகல."

"எனக்கு மட்டும் உங்களப் பாத்தா ஆகுதா?" அவன் குரல் தாழ்ந்தது. "எல்ராய் சாகற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன். என் வீட்டுக்காரி வெளிய தலகாட்டறதில்ல. பேரப்பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல அடிச்சாங்க. நான் தொறக்கல. இப்ப அவன் செத்துட்டான், வில்மா. செவ்வாக்கெழம தேர்தல்."

"மெரட்டறியா?"

"கணக்குச் சொல்றேன்" என்று கண்ணாடியை ஏற்றினான்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. கூடத்தில் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் பரப்பியிருக்க, வந்தவர்கள் எல்லோரும் ஜேனல் அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான் பேசினார்கள். மாரெக்கின் கடைசி ஆசை செவ்வாய்க்கிழமை நிறைவேறும் என்றார் ஒருவர். வில்மா ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் லோனி சொல்லிவிட்டானா என்று வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாள். திங்கட்கிழமை கடையில் எடை போட்டவளின் முகத்தையும் பார்த்தாள். யாரும் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. லோனி இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.

அந்தத் தேர்தலில் லோனி தோற்றுப்போனான், அதுவும் படுமோசமாக. ஆனால் அது இரவில் தெரிந்த சேதி. செவ்வாய்க்கிழமை மதியம் வில்மா தீயணைப்பு நிலையத்து வாக்குச்சாவடிக்குப் போனபோது, வேட்பாளர்கள் தாண்டக் கூடாத கோட்டுக்கு வெளியே அவன் காற்றில் தனியாக நின்றுகொண்டிருந்தான். எதிராளியைச் சுற்றி இருபது பேர். நீட்டிய லோனியின் கையைப் பார்க்காதது போல் சனம் விலகிப் போயிற்று.

அவள் உள்ளே போய் ஓட்டைப் போட்டாள். வெளியே வந்தவள் தன் காருக்குப் போகவில்லை. கறுப்பு உடையோடு புல்தரையைத் தாண்டிப் போய் லோனிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ" என்றான் அவன், உதடு அசையாமல்.

"எங்கிட்டப் பேசாத."

எதிர்ப் பக்கத்துக் கூட்டத்தில் சிரிப்பு நின்றது. ஜேனலின் வண்டி வளாகத்துக்குள் திரும்பி, பாதி வழியில் நின்றது. இஞ்சின் அணைந்தும் அவள் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. வில்மா தலைத்துணியின் முடிச்சைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு, மகளின் வண்டியைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.